ரூபாவை நம்புவதா, கொயினை நம்புவதா? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கத்து ஆட்கள் கேட்டவை இவை. கொயின் என்று அவர்கள் சொல்வது பிட்கொயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை. கேட்டவர்களில் பாதிப்பேர் இளைஞர்கள். மீதிப்பேர், சேமலாப நிதி (ஓய்வுக்காலத்துக்காகச் சேரும் பணம்) கைக்கு வந்ததும் அதை என்ன செய்வது என்று யோசிப்பவர்கள். தேவையான இடத்தில் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

ரூபா தாளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? தங்கமா?

தங்கம் இல்லை. 1950க்கு முன்னால் நம்முடைய ரூபா, இந்திய ரூபாவோடு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டப்பட்டிருந்தது. வெளிநாட்டுச் சொத்து கையில் இருந்தால்தான் புதுத் தாள் வெளியிடலாம். 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தின் கீழ், 1950 ஆகஸ்ட் 28இல் மத்திய வங்கி வந்தது. முதல் ஆளுநர் ஜோன் எக்ஸ்டர் என்ற அமெரிக்கர். அதற்குப் பிறகு எவ்வளவு பணம் புழக்கத்தில் விடுவது என்பது கொழும்பில் சிலர் உட்கார்ந்து எடுக்கும் தீர்மானம்.

2011இல் வெளிவந்த ஆயிரம் ரூபா தாளில் றம்பொடைச் சுரங்கப்பாதையின் படம் இருக்கிறது. ஐயாயிரத்தில் மஸ்கெலியாப் பக்கத்துக் கென்யன் அணைக்கட்டும் இருக்கிறது. படம் நம்முடையதுதான், ஆனால் அந்தத் தாளைக் கொண்டுபோய் அணையில் ஒரு கல்லைக்கூடக் கேட்க முடியாது. தாளை ஓடவைப்பது வேறு விஷயம்: சம்பளம் ரூபாவில் வருகிறது, கரண்ட் பில், நீதிமன்ற அபராதம், வரி எல்லாம் ரூபாவில் கட்ட வேண்டும், ரூபாவைக் கொடுத்துக் கடனை அடைத்தால் சட்டம் அதை ஏற்கும். அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டேயும் அதன் பணத்தை வாங்கலாம். 1948 குடியுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்கள் ஆக்கியது. அவர்கள் கையிலிருந்த ரூபா மட்டும் எந்தக் கடையிலும் செல்லாமல் போகவில்லை. பணத்தை நம்புவதும் ஆட்சியை நம்புவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அரசாங்கம் வெளியிடாத பணம் என்பது புதுசா? நம்ம பக்கத்தில் முன்னால் இருந்ததில்லையா?

நிறையவே இருந்தது. கோப்பிக் காலத்தில் சில்லறைத் தட்டுப்பாடு அதிகம். சில கம்பனிகள் செம்பிலும் பித்தளையிலும் சொந்தமாக டோக்கன் அடித்துத் தொழிலாளருக்குக் கொடுத்தன. டோக்கனை அடித்தவன் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு.

தாள் பணமும் அப்போது தனியார் வங்கிகளுடையதுதான். அதில் பெரியது ஓரியண்டல் வங்கி. 1869இல் கோப்பி இலையில் துருநோய் தெரிந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் தோட்டங்கள் விழுந்தன. அந்தத் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த வங்கியும் 1884 மே மாதம் கதவை மூடியது. அதன் நோட்டுகள் நாடு முழுக்கக் கைமாறிக்கொண்டிருந்த நேரம் அது. அப்போதைய பிரித்தானிய ஆளுநர் ஆதர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். அதே வருடம் காகித நாணயச் சட்டம் வந்தது, 1885இல் அரசாங்கத்தின் சொந்தத் தாள்கள் வந்தன. அதாவது, இந்த நாட்டில் அரசாங்கத் தாள் பிறந்ததே தனியார் தாள் கவிழ்ந்ததால்தான். அது கவிழ்ந்த காரணமும் நம் மலைச்சரிவுகளில்தான் தொடங்கியது. "அரசாங்கம் பணத்தைப் பிடுங்கிக்கொண்டது" என்று கிரிப்டோ வீடியோக்களில் சொல்வார்கள். இலங்கைக் கதை அப்படி இல்லை.

இன்னொன்று துண்டு. ஒரு கங்காணிக்கும் (ஆட்களைத் திரட்டி வேலை வாங்கும் தலைவர்) அவருடைய ஆட்களுக்கும் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறோம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அடுத்த தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். தோட்டம் மாற மாறக் கடன் ஏறும். தாள் கைமாறியது, தொகை கைமாறியது, அதற்கு ஈடாக நின்றது மனிதர்களின் உழைப்பு. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழிக்க முடிந்தது. மையமில்லாத பணம், அதாவது ஒரு வங்கியோ அரசாங்கமோ கட்டுப்படுத்தாத பணம் என்றால் அது தானாகவே சுதந்திரமான பணம் என்று யாராவது சொன்னால் எனக்குத் துண்டுதான் ஞாபகம் வரும். எந்தப் பணமாக இருந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இது கெட்டுப்போனால் நட்டம் யார் தலையில் விழும்?

2022இல் ரூபாவுக்கு என்ன நடந்தது? எளிமையாகச் சொல்லுங்கள்.

2019 கடைசியில் வரியைப் பெரிதாகக் குறைத்தார்கள். வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. பிறகு கொரோனா வந்தது, சுற்றுலா நின்றது. அரசாங்கத்துக்கு வரவு இல்லை, செலவு குறையவில்லை. அந்த ஓட்டையை அடைக்க மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை (அரசாங்கத்தின் குறுகியகாலக் கடன் பத்திரங்களை) வாங்கிப் பணத்தைக் கொடுத்தது. ஊர்ப் பேச்சில் சொன்னால், காசு அச்சடித்தது. 2019 முடிவில் மத்திய வங்கியிடம் இருந்த அரசாங்கக் கடன் பத்திரங்கள் 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. 2022 முடிவில் அது 2,500 பில்லியனைத் தாண்டிவிட்டது.

அதே நேரம் டொலரை 200, 203 என்று பிடித்து வைத்திருந்தார்கள். அப்படிப் பிடித்துவைக்கக் கையில் டொலர் வேண்டும். அது தீர்ந்தது. 2022 மார்ச்சில் கையை விட்டார்கள், மே மாதம் டொலர் 360 பக்கம் போய்விட்டது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தினார்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி செப்டம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் பார்த்தால் 94.9 வீதம்.

இதைத் தோட்டத்துக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பல வருடம் கத்தி, 2021இல்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆனது. அன்றைக்கு அது ஐந்து டொலர். ஒரே வருடத்தில் மூன்று டொலருக்கும் கீழே. சம்பளத்தை யாரும் வெட்டவில்லை, செக்ரோலில் (வேலை நாளும் சம்பளமும் பதியும் புத்தகத்தில்) ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் கோதுமை மா மூன்று, நான்கு மடங்கானது. கடைக்காரர் கொப்பியில் எழுதிக் கடன் கொடுப்பதைக் குறைத்தார். காலையில் இரண்டு ரொட்டி சாப்பிட்டவர் ஒன்றோடு மலைக்கு ஏறினார். கைக்காசுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்து பறித்தவர்களுக்கும் அதே கதிதான். மாதம் முழுக்கக் கொழுந்து எடுத்தவரிடமிருந்து அரைச் சம்பளத்துக்குக் கிட்டச் சத்தமில்லாமல் போனது என்று சொன்னால் மிகையில்லை. ரூபாவின் மேல் கோபப்படுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதற்கு யாராவது பதில் சொன்னார்களா?

சொல்ல வைக்கப்பட்டார்கள், பாதி அளவில். 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம், பொருளாதாரத்தைச் சீர்குலைத்து மக்களின் அடிப்படை உரிமைகளை மீறினார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. ஆட்சியில் இருந்த கோட்டாபய, மஹிந்த, பசில் என்ற மூன்று ராஜபக்சக்களும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களான அஜித் நிவாட் கப்ராலும் டபிள்யூ.டி. லக்ஷ்மனும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். வழக்குப் போட்டவர்களுக்குச் செலவுத் தொகை கிடைத்தது. உங்களுக்கும் எனக்கும் மா வாங்கிய காசு திரும்பி வரவில்லை.

சட்டமும் மாறியது. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டத்தின்படி, அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் கொடுக்க, அதாவது அச்சடித்துக் கொடுக்க, மத்திய வங்கிக்குத் தடை. பணவீக்கத்தை 5 வீதத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று இலக்கும் வைத்திருக்கிறார்கள். எழுதிய சட்டத்தைத் திருத்தவும் முடியும், அதையும் மறக்க வேண்டாம்.

பிட்கொயின் இதற்கு என்ன மருந்து சொல்கிறது?

"அச்சடிக்கும் ஆளே வேண்டாம்" என்கிறது. 2008 அக்டோபர் 31இல் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவரோ பலரோ அதன் திட்டத்தை வெளியிட்டார்கள். 2009 ஜனவரி 3இல் வலையமைப்பு தொடங்கியது. கணக்குப் புத்தகம் ஒரு வங்கியில் இல்லை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே பிரதியாக இருக்கிறது. மொத்தம் 2 கோடி 10 இலட்சம் கொயின்களுக்கு மேல் வராது. சுமார் நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக வரும் அளவு பாதியாகும். நிதியமைச்சர் நினைத்தாலும் கூட்ட முடியாது. 2022ஐக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இது ஏன் இனிக்கிறது என்று எனக்குப் புரிகிறது. யோசனை உண்மையிலேயே கெட்டித்தனமானதுதான்.

அளவைக் கட்டலாம், விலையைக் கட்ட முடியாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

2021இலேயே காசைப் பிட்கொயினில் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம்தானே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேண்டுமென்றே மோசமான நாளைத்தான் எடுக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் எல்லோரும் அதைப் பற்றிப் பேசும்போதுதான் போய் வாங்குகிறார்கள். 2021 நவம்பரில் பிட்கொயின் சுமார் 69,000 டொலர். டொலர் சுமார் 202 ரூபா. அன்று ஒரு இலட்சம் ரூபாவுக்கு வாங்கியிருந்தால், அடுத்த வருடம் நவம்பரில் பிட்கொயின் 16,000 டொலர் பக்கம் விழுந்தபோது, டொலர் 360ஐத் தாண்டியிருந்தும், உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய 42,000 ரூபா. ரூபாவுக்குப் பயந்து ஓடியவர், ரூபாவைவிட வேகமாக விழுந்த ஒன்றின் மேல் ஏறியிருப்பார்.

பொறுமையாக இருந்திருந்தால்? 2024 டிசம்பரில் பிட்கொயின் ஒரு இலட்சம் டொலரைத் தொட்டது. அந்த ஒரு இலட்சம் இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருக்கும். மூன்று வருடத்தில் சாமான் விலை ஏறியதைக் கழித்தால் இலாபம் அவ்வளவு பெரிதில்லை, ஆனாலும் நட்டம் இல்லை. கேள்வி என்னவென்றால், 2022 நவம்பரில், சாமான் விலை எல்லாம் உயரத்தில் இருந்தபோது, உங்களால் அதை விற்காமல் இருந்திருக்க முடியுமா? சேமிப்பு தேவைப்படுவதே அப்படிப்பட்ட மாதங்களில்தான்.

வெறும் டொலராக வைத்திருந்தால் அதே ஒரு இலட்சம் அந்த 2022 நவம்பரில் ஒரு இலட்சத்து எண்பதாயிரம். அம்மாவின் காதில் கிடந்த தோடும் ரூபாக் கணக்கில் நன்றாகவே ஏறியது. தங்கத்தின் உலக விலை டொலரில் இருப்பதால், ரூபா விழ விழ பவுன் விலை ஏறும். நம் பக்கத்தில் அரசாங்கத் தாளுக்கு மாற்றாக நூறு வருடமாக இருப்பது நகைதான். அடகுக் கடையில் எந்தக் கேள்வியும் இல்லாமல் காசாகும். வட்டிதான் கொல்லும்.

எல்லா கொயினும் பிட்கொயின் மாதிரியா?

இல்லை. டெராயூஎஸ்டி என்று ஒன்று இருந்தது, எப்போதும் ஒரு டொலர் பெறும் என்றார்கள். 2022 மே மாதம், நம் ரூபா அடிமட்டத்தைத் தொட்ட அதே மாதம், சில நாளில் அது குப்பையானது. நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற, கொயின் வாங்கி விற்கும் பெரிய பரிமாற்றகம் வாடிக்கையாளர் பணத்தோடு கவிழ்ந்தது. இவற்றில் பலவற்றுக்கு நடுவில் ஒரு கம்பனியும் ஒரு முதலாளியும் உண்டு. மையமில்லை என்பது விளம்பரத்தில் மட்டும்தான்.

இலங்கையில் கிரிப்டோ வைத்திருப்பது குற்றமா?

அது செல்லுபடியாகும் பணம் அல்ல. கடனுக்கோ விலைக்கோ கொடுத்தால் யாரும் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்தக் கம்பனிக்கும் இதை நடத்த அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி 2018, 2021, 2022 என்று திரும்பத் திரும்ப எச்சரித்தது. வெளிநாட்டுச் செலாவணி விதிகளின்படி டெபிட், கிரெடிட் கார்ட்டுகளில் கிரிப்டோ வாங்கவும் முடியாது. ஆகவே ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால், முகம் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்கு ரூபாவைப் போட்டு ஒன்லைனில் கொயின் வாங்குகிறார்கள். விற்கும்போது உங்கள் கணக்குக்கு வரும் ரூபா யாரிடமோ ஏமாற்றிய காசாக இருந்தால், பொலிஸ் தேடி வருவது உங்கள் பெயரில் உள்ள கணக்கைத்தான்.

எங்கள் தோட்டத்தில் ஒருவர் கொயின் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார். போகலாமா?

மற்றக் கேள்விகள் எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் முக்கியம்.

டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபம். சப்பாத்தும் டையும் போட்ட ஒரு தம்பி மேடையில். கூட்டிவந்தவர் உங்கள் சொந்தக்காரர் அல்லது உங்களோடு கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்த்தவர். தேநீர், ரோல்ஸ் உண்டு. பிட்கொயின் ஏறிய படத்தைத் திரையில் காட்டுவார்கள். விற்பது பிட்கொயின் இல்லை, வேறு ஏதோ பெயர். போனில் ஒரு ஆப் ஏற்றித் தருவார்கள். அதில் உங்கள் பெயருக்குக் கீழே பச்சை நிறத்தில் ஒரு எண் தினமும் ஏறும். முதல் மாதம் கொஞ்சம் காசு கைக்கும் வரும். அது அடுத்து வந்தவர் போட்ட காசு. பெரிய தொகையை எடுக்கப் போகும்போது, முதலில் வரி கட்டுங்கள், கணக்கை உயர்த்துங்கள், இன்னும் இரண்டு பேரைச் சேருங்கள் என்பார்கள். ஒருநாள் ஆப் திறக்காது. அந்தப் பச்சை எண் எந்தக் கொயினின் பொதுக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை, யாரோ ஒருவருடைய கணினியில் தட்டிய இலக்கம்.

உலக அளவிலும் இதுதான் நடந்தது. வன்கொயின் என்ற பெயரில் பல பில்லியன் டொலர் திரட்டிய ருஜா இக்னாதோவா 2017 அக்டோபரில் காணாமல் போனவர்; இன்னும் தேடுகிறார்கள்.

வங்கித்தொழில் சட்டத்தின் 83சீ பிரிவின்படி இப்படி ஆளுக்கு ஆள் சேர்த்து ஓடும் பிரமிட் திட்டம் நடத்துவது குற்றம். அதை விளம்பரப்படுத்துவதும் குற்றம். "நான் சேர்த்து மட்டும் விட்டேன்" என்பது தப்பிக்கும் வழியல்ல. தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்ப் பட்டியலை மத்திய வங்கி தன் இணையதளத்தில் போடுகிறது. பட்டியலில் இல்லை என்பதால் நல்ல திட்டம் என்றும் அர்த்தமில்லை. புதுப் பெயர் வைக்க எத்தனை நிமிடம்?

இதில் வலிப்பது என்னவென்றால், இவை ஓடுவது தொழில்நுட்பத்தின் மேல் இல்லை, லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) நம்பிக்கையின் மேல். நம் பெண்கள் சீட்டு பிடிப்பதும் அதே நம்பிக்கையில்தான். ஆனால் சீட்டில் சேர்ந்த எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், யாருக்கு எந்த மாதம் என்று தெரியும், மொத்தம் எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணலாம். ஆப் வைத்திருப்பவனின் வீடு எந்த ஊரில் என்று உங்களைச் சேர்த்துவிட்டவருக்கே தெரியாது.

போனில் தட்டினால் கொயின் வரும் ஆப்? வீட்டில் கம்பியூட்டர் வைத்து மைனிங்?

தட்டும் ஆப்பில் போவது உங்கள் நேரமும் தொடர்பிலக்கங்களும். மைனிங், அதாவது கணினியை ஓடவைத்துப் புதுக் கொயின் எடுப்பது, அதற்கென்றே செய்த இயந்திரங்களைக் கொட்டகை கொட்டகையாக வைத்திருப்பவர்களின் தொழில். வீட்டுக் கம்பியூட்டரில் மிஞ்சுவது கரண்ட் பில்.

அம்மா குவைத்தில் வேலை செய்கிறார். கிரிப்டோவில் அனுப்பினால் செலவு குறைவு என்கிறார்கள்.

அனுப்பும் செலவு சில நேரம் உண்மையிலேயே குறைவுதான். ஆனால் இங்கே வந்த பிறகு அதை ரூபாவாக்க வேண்டும், அங்கேதான் மேலே சொன்ன முகம் தெரியாத கணக்கு. வீட்டுச் செலவுக்கான காசை அந்த வழியில் விட வேண்டாம்.

உண்டியல், அதாவது வங்கி இல்லாமல் ஆள் வழியாகக் காசு அனுப்புவது பற்றியும் கேட்கிறார்கள். 2021 கடைசியில் வங்கி 203 கொடுத்தபோது வெளியே 240க்கு மேல் கிடைத்தது. ஆட்கள் வெளியே போனார்கள். வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்த பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2022இல் 3.8 பில்லியன். அரசாங்கத்துக்கு எதிராக மக்கள் போட்ட வாக்கு அது. விலையை நேர்மையாக விட்ட பிறகு திரும்பி வந்தார்கள், 2024இல் 6.5 பில்லியனைத் தாண்டியது. இப்போது இரண்டு விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லாதபோது, சட்டத்துக்குப் புறம்பான வழியில் ஆபத்தை வாங்குவதில் அர்த்தமில்லை.

புயல், மண்சரிவு என்றால் எந்தப் பணம் நிற்கும்?

தாள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்தபோது மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. அப்படியான நேரத்தில் ஏ.டி.எம். கார்டும் கிரிப்டோவும் ஒரே வரிசையில்தான் நிற்கும். ஒரு வாரச் செலவுக்கான சில்லறைத் தாள்களை வீட்டில் வைத்திருங்கள், பெரிய நோட்டாக வேண்டாம்.

சேமலாப நிதி அரசாங்கத்திடம்தானே? அதை நம்பலாமா?

ஊழியர் சேமலாப நிதியத்தின் பணத்தை மத்திய வங்கி நிர்வகிக்கிறது, பெரும்பகுதி அரசாங்கத்தின் திறைசேரி முறிகளில் (நீண்டகாலக் கடன் பத்திரங்களில்) போடப்பட்டிருக்கிறது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது அந்த முறிகளை மாற்றினார்கள்: 2025 வரை 12 வீத வட்டி, பிறகு 9 வீதம். மாற்றாவிட்டால் நிதியத்தின் வருமானத்துக்கு 30 வீத வரி என்ற மிரட்டலும் சேர்ந்தே வந்தது. வங்கிகளின் முறிகளை விட்டுவிட்டுத் தொழிலாளியின் முதுமைப் பணத்தில் கைவைத்தார்கள் என்ற கோபம் நியாயமானது.

ஆனாலும் அங்கே உங்கள் பெயரில் ஒரு கணக்கு இருக்கிறது, கேட்க ஒரு தொழில் திணைக்களம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. தோட்டம் காசு கட்டாமல் இழுத்தடித்தால் வழக்குப் போடலாம். வருடத்துக்கு ஒருமுறையாவது மீதியைப் பாருங்கள், பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியா என்று பாருங்கள். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கப் போகும்போது ஒரு எழுத்துப் பிழைக்காக அலைவதைப் பார்த்திருக்கிறேன். எடுத்த காசை வங்கியில் போட்டால், ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. அதற்கு மேல் இருந்தால் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். கொயின் கூட்டத்துக்காரர்கள் அந்த வாரம்தான் வீட்டுக்கு வருவார்கள்.

என்னிடம் ஏற்கெனவே கொஞ்சம் பிட்கொயின் இருக்கிறது. என்ன செய்ய?

போனாலும் வீட்டு அடுப்பு எரியும் என்ற அளவுக்கு மட்டும் இருக்கட்டும். கடன் வாங்கி, நகை அடகு வைத்து வாங்கியதாக இருந்தால், முதலில் அந்த வட்டியை முடியுங்கள்.

கொயின் இருக்கும் டிஜிட்டல் பணப்பையைத் திறக்கும் சாவியான பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு சொற்களைத் தாளில் எழுதி, கூரை ஒழுகாத இடத்தில், பொலித்தீன் உறையில் வையுங்கள். போட்டோ எடுக்க வேண்டாம், வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். உதவி செய்கிறோம் என்று அந்தச் சொற்களைக் கேட்பவன் எவனும் திருடன்தான். அது தொலைந்தால் முறையிட ஒரு கந்தோர் கிடையாது, ஆகவே வீட்டில் ஒருவருக்காவது இடம் தெரிந்திருக்க வேண்டும். ஏதாவது ஆப்பில் வைத்திருந்தால், இன்றைக்கே ஒரு சிறு தொகையை வெளியே எடுத்துப் பாருங்கள். எடுக்க முதல் வரி கட்டச் சொன்னால், இனி அதில் ஒரு சதமும் போடாமல், ரசீதுகளோடும் ஆப்பின் ஸ்கிரீன்ஷொட்டுகளோடும் பொலிஸுக்குப் போங்கள்.